மஞ்சள் கோடும் சிவப்புப் பொட்டும்

எங்கள் தெருவில் அக்காவுக்கு ரேடியோ என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். காலையில் பால் வாங்கக் கதவைத் திறக்கும்போது தொடங்கினால் விளக்கணைக்கும் வரை ஒலிபரப்பு உண்டு. செய்தி, வானிலை, நேயர் விருப்பம் எல்லாம் அவள் ஒருத்தியே. தொழில் தையல். வாசல் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு சட்டையைப் பிடித்துக் கொடுப்பது, ஜிப் மாற்றுவது, சீருடை தைப்பது என்று நாளெல்லாம் வேலை இருக்கும். துணியில் குண்டூசி குத்தும்போது ஊசிகளை உதட்டில் கவ்விக்கொள்வாள். அந்த நேரத்திலாவது சும்மா இருப்பாள் என்று நம்பி வந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். ஊசிகளுக்கு நடுவிலேயே "ம்... ம்ம்... ம்ஹூம்" என்று கதையை முடித்துவிடுவாள்.

நான் அவளுடைய தங்கை. அவர்கள் வீட்டுக்கு நேர் கீழ்வீடு எங்களுடையது. எனக்கும் வாய்க்குக் குறைச்சல் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் அக்காவுக்கு முன்னால் நான் வாயில்லாப் பூச்சி. மேலே மெஷின் கடகடவென்று ஓடும், மெஷினையும் மிஞ்சி அவள் குரல் ஓடும். அந்தச் சத்தத்துக்கு அடியில்தான் இத்தனை வருஷமும் நான் சமைத்தேன், பிள்ளைகளைத் திட்டினேன், பகலில் கொஞ்சம் கண்ணசந்தேன்.

அத்தான் இதற்கு நேர் எதிர். அளந்து பேசுகிற மனுஷன். ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி, ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த மாடி என்று பொத்தானை அமுக்கிவிடுவார். கல்யாணத்துக்கு முன்பு அக்கா அந்தக் கட்டடத்துக் காவலாளிகளுக்குச் சீருடை தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவளுக்கு லிஃப்ட் என்றால் குலை நடுங்கும். அதனால் மூட்டை லிஃப்டில் போகும், அக்கா படியில் போவாள். அப்போதெல்லாம் கிரில் கதவு வைத்த லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் அத்தான் லிஃப்டை நிறுத்தி, அவள் மூச்சுவாங்க வந்து சேரும்வரை காத்திருப்பார். கீழ்மாடியில் விட்ட கதையை மேல்மாடியில் கிரில்லைப் பிடித்துக்கொண்டு தொடர்வாள். உள்ளே நிற்கும் ஆபீஸ்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். "கதை முடியட்டும் சார்" என்பாராம் அத்தான். அப்படித்தான் கல்யாணம் வரைக்கும் போனது. கல்யாணமான பிறகும் அவள் ஒரு நாளும் லிஃப்டில் ஏறவில்லை. லிஃப்ட்காரர் பெண்டாட்டி படியேறிப் போகிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு கிரில்லை எடுத்துவிட்டு இரும்புக் கதவு போட்ட புது லிஃப்ட் வந்தது. அதை ஓட்ட ஆள் தேவையில்லை. ஆனாலும் அத்தானைக் கீழே நிறுத்திப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வந்த புதிதிலேயே அது மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனது. அன்று உள்ளே மாட்டியவர் அத்தானேதான், தனியாக. விடுமுறை நாள், கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. என்ன பட்டார் என்று அவர் யாரிடமும் விவரமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு லிஃப்ட் எப்போது நின்றாலும் அந்த மாடிக்கு ஓடிப்போய், மூடிய கதவோடு வாயை ஒட்டி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார். "பயப்படாதீங்க, நான் வெளியே இருக்கேன். நான் பேசறது கேக்குதா? கேட்டா ரெண்டு தட்டு தட்டுங்க." உள்ளேயிருந்து டக் டக்கென்று வரும். கதவைத் திறப்பது மெக்கானிக் வேலை, அவன் ஊரின் மறுகோடியிலிருந்து வரவேண்டும். அவன் வரும்வரை அத்தான் பேசிக்கொண்டே இருப்பார்.

வீட்டில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவர் அங்கே எதைப் பேசினார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "எல்லாம் உங்க அக்கா சொன்னதுதான். எனக்கேது சொந்தச் சரக்கு?" என்று சிரித்தார். பக்கத்து வீட்டு வாடகைச் சண்டை, மூன்றாம் வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு, யாரோ ஒருத்தர் கால்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு இளைத்துப்போன கதை எல்லாம் அந்த இரும்புக் கதவு வழியாக உள்ளே போயிருக்கிறது.

ஒருமுறை கணக்குப் பிரிவில் வேலை செய்த கண்ணாடிக்காரம்மா உள்ளே மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் தட்டினார், பிறகு தட்டுவது நின்றுபோனது. "ஆள் மயங்கிட்டாங்க போல, நீ யாருக்குப்பா பேசறே?" என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். அத்தான் நிறுத்தவில்லை. கதவு திறந்தபோது அந்த அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். "தட்டித் தட்டிக் கை வலிச்சுது, விட்டுட்டேன். நீ சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அந்த மூணாவது வீட்டுப் பொண்ணு கல்யாணம் கடைசில என்ன ஆச்சு?" என்று கேட்டாராம். எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத விசேஷம் கிடையாது.

இந்த அத்தான்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், குளித்துவிட்டுத் துண்டைத் தேடும்போது அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்கட்டு. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் பேச்சும் போய்விட்டன, எழுத்தும் கூடவே. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது என்றார் டாக்டர். ஆனால் கேள்வி கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவார், கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்விக்கு இல்லை என்று ஆட்டுவார். எது உண்மை என்று அவருக்கே பிடிபடாமல் கண்ணில் நீர் கட்டும். அதனால் தலையாட்டலை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்த்தோம். மூன்றாம் மாடியில் நீளமான அறை, பெரிய மேஜை, வண்ணக் குப்பிகள், ஈரப்படங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிடும் கயிறு. பேச முடியாதவர்களைப் படம் வரையவைப்பாள் அங்கே ஒரு பெண். பயிற்சிக்காரி என்போம் அவளை. நல்ல பெண், பொறுமைசாலி. முதல் நாளே, "அவர் என்ன வேலை பார்த்தாரும்மா?" என்று கேட்டாள். "பில்டிங் சூப்பர்வைசர்" என்றாள் அக்கா, கண் இமைக்காமல். நான் முழங்கையால் இடித்தேன். வெளியே வந்ததும், "லிஃப்ட் ஆளுன்னு சொன்னா மரியாதை குடுப்பாங்களாடி? என் புருஷன், நான் பதவி உயர்வு குடுக்கறேன், உனக்கென்ன?" என்றாள்.

பயிற்சிக்காரி எது கேட்டாலும் அத்தானுக்குப் பதிலாக அக்காவே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வாயைக் கோணி ஒரு சத்தம் எழுப்புவதற்குள் இவள் வாக்கியத்தையே முடித்துவிடுவாள். மூன்றாம் தடவை அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அம்மா, நீங்க கொஞ்சம் பேச்சைக் குறைச்சுக்கிட்டா நல்லது. அவர் முயற்சி பண்றதுக்கு இடம் விடுங்க."

அவள் சொன்னது கொஞ்சம். அக்கா எடுத்துக்கொண்டது முழுக்க. அன்று சாயங்காலம் ரேடியோ நின்றது. "என் பேச்சுதான் அவர் பேச்சை அடைச்சுக்கிட்டு நிக்குதாம்டி. நான் வாயை மூடினா அவருக்கு வாய் திறக்கும்னா, ஆயுசுக்கும் மூடிக்கறேன்" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். அதன்பின் அத்தான் காதுக்கு எட்டும் தூரத்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. துணி கொடுக்க வருகிறவர்களிடம் சைகை காட்டினாள், விரலால் அளவு சொன்னாள். அவர் கட்டிலருகே போகும்போது நடையைக்கூட மெத்தென்று வைத்தாள். என் கூரைக்கு மேல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. நமக்குத்தான் வாய் அதிகம், படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன்.

அத்தான் இடது கையால் தூரிகையைப் பிடிக்கப் பழகினார். முதலில் வெறும் கிறுக்கல். பிறகு ஒரு நாள் ஒரு படம் வந்தது. அதற்கப்புறம் அவர் வரைந்ததெல்லாம் அதே படம்தான். தாள் முழுக்கக் கறுப்பு, ஓரம்கூட விடாமல். நடுவில் மேலிருந்து கீழ்வரை மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. வலது பக்க மேல் மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு. வேறு ஒன்றும் கிடையாது. வரைந்து முடித்ததும் தாளை அக்கா பக்கம் தள்ளிவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார். அவள் ஒன்றும் பேசாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்துத் தலையை ஆட்டுவாள். அவர் அடுத்த தாளை எடுத்து மறுபடியும் கறுப்பைப் பூச ஆரம்பிப்பார்.

அந்தப் படம் தொடங்கியதற்குப் பின்னால்தான் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தார். ஸ்பூனைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். கஞ்சி கன்னத்தில் வழிந்து தலையணையில் ஊறும். ஆள் பாதியாகிப்போனார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "முழுங்கறதுல கோளாறு இல்ல. அவராத்தான் வேண்டாம்ங்கறார். இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போடணும். இந்த உடம்பு அதையும் எத்தனை நாள் தாங்கும்னு நான் சொல்ல முடியாது. ஏன் வேண்டாம்ங்கறார்னு முதல்ல கண்டுபிடிங்க" என்றார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வாய் இல்லை, எழுத்து இல்லை, தலையாட்டலுக்கும் நம்பிக்கை இல்லை. மிஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான்.

அக்கா படத்தைச் சுருட்டிக்கொண்டு பயிற்சிக்காரியிடம் போனாள். அந்தப் பெண் கயிற்றில் தொங்கிய மற்றப் படங்களையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "கறுப்பு துக்கமா இருக்கலாம்மா. மஞ்சள் கோடு படத்தை ரெண்டாப் பிளக்குது பாருங்க. நோய்க்கு முன்னாடி ஒரு வாழ்க்கை, இப்போ ஒரு வாழ்க்கைன்னு அவர் மனசு பிளந்து கிடக்கலாம். சிவப்பு... அடக்கி வெச்ச கோபம் மாதிரி தெரியுது."

"யார் மேலம்மா?"

அந்தப் பெண் தயங்கினாள். "பொதுவா, கூடவே இருக்கறவங்க மேலதான் வரும். அவங்க முன்னாடிதானே காட்ட முடியும்? நிச்சயமா சொல்ல முடியாதும்மா."

அவள் சொன்ன 'இருக்கலாம்', 'மாதிரி', 'நிச்சயமா சொல்ல முடியாது' எல்லாம் காற்றோடு போயின. கோபம் ஒன்றுதான் அக்காவோடு வீட்டுக்கு வந்தது. மறுநாள் அவர் கண்ணில் படவே அஞ்சி, கதவுக்குப் பின்னால் நின்று ஸ்பூனை என் கையில் கொடுத்தாள்.

எங்கள் உச்சி மாடியில் ஒருத்தர் குடியிருக்கிறார். விடிகாலையில் மொட்டை மாடியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் தியானத்தார் என்று பெயர். நோய் விசாரிக்க வந்தவர் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் கைகூப்பினார். அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன், நடிப்பு இல்லை. "இது படம் இல்லம்மா, சொல்லிட்டுப் போறார். கறுப்பு, எல்லாம் தோணறதுக்கு முன்னாடி இருந்த வெறுமை. இந்த மஞ்சள் தண்டு உயிர் மேல ஏறுற பாதை. உச்சியில அந்தச் சிவப்புப் பொட்டு, உயிர் ஒடுங்கி வெளியேறுற வாசல். அவர் கிளம்பத் தயாராயிட்டார். சோத்தைக் காட்டித் தடுக்காதீங்கம்மா, பாவம்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "முதல்ல நீங்க கிளம்புங்க" என்று கதவைக் காட்டினேன். அவர் வருத்தப்படாமல்தான் போனார். ஆனால் சொன்னது போகவில்லை. அக்கா அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியூரில் இருக்கும் அக்கா பையனுக்குப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினோம். அவன் இணையத்தில் எதிலோ போட்டுக் கேட்டுவிட்டு அழைத்தான். "மஞ்சள்னா நம்பிக்கைம்மா. இருட்டு நடுவுல வெளிச்சம் வரையறார்னா நல்லதுதான். தைரியமா ஊட்டு" என்றான். அங்கிருந்து வரமுடியாத குற்ற உணர்ச்சியில் குரல் அதிகமாகவே உற்சாகமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு அக்கா மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள், அத்தான் காதுக்கு எட்டாத இடம் பார்த்து. கையில் கஞ்சிக் கிண்ணம். "கோபம்னா நான் தள்ளி நிக்கணும். கிளம்பறார்னா விட்டுடணும். நம்பிக்கைன்னா வாயைத் திறந்து ஊட்டணும். மூணும் ஒரே படத்துல இருக்காம். நான் எதைடி செய்ய?" என்றாள். இரண்டு பேரும் கஞ்சி ஆறி ஆடை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள், கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

டாக்டர் குழாய்க்கு நாள் குறித்துவிட்டார். அதற்கு முன் கடைசியாக ஒருமுறை எல்லாப் படங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்று பயிற்சிக்காரி கூப்பிட்டாள். என் வீட்டுக்காரரை அத்தானுக்குத் துணையாக வைத்துவிட்டு நாங்கள் இருவரும் போனோம். அக்காவுக்கு அந்த வாரம் முட்டி வீங்கியிருந்தது. போதாக்குறைக்குப் படிக்கட்டைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "லிஃப்ட்ல போங்கம்மா, வழுக்கிடும்" என்றாள் கழுவுகிற பெண். அக்கா என்னைப் பார்த்தாள். "இத்தனை வருஷம் லிஃப்ட்காரரோட குடும்பம் நடத்திட்டேன், இதுல ஏறினாத்தான் என்ன?" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். பாவி லிஃப்ட், இரண்டாம் மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. விளக்கும் போனது.

நான் கூச்சல் போட்டேன். பொத்தான்களையெல்லாம் குத்தினேன், கதவை உதைத்தேன். வெளியே யாரோ நடந்துபோகும் சத்தம் கேட்டது. "கரண்ட் போச்சு போல" என்று ஒரு குரல் சொன்னது. பிறகு அதுவும் இல்லை. அந்த நிசப்தத்தை எப்படிச் சொல்ல? இருட்டைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாம் இங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியாதோ என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

அக்கா ஒரு சத்தமும் போடவில்லை. மயக்கமாகிவிட்டாளோ என்று அவள் கையைத் தேடிப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது.

"கண்ணைத் திறந்துட்டேன்டி" என்றாள். "அங்க பாரு."

பார்த்தேன். வலது பக்க மேல் மூலையில் சின்னதாக ஒரு சிவப்பு அவசர விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கதவும் சேரும் இடத்தில் வெளியே நடைபாதை ஜன்னல் வெயில் இடுக்கு வழியாக மேலிருந்து கீழ்வரை மெல்லிசாகக் கசிந்தது. மஞ்சளாக. மற்றதெல்லாம் கறுப்பு.

"அவர் உள்ளே மாட்டிக்கிட்டு இருக்கார்டி" என்றாள் அக்கா. "இத்தனை நாளா இதைத்தான் சொல்லிட்டிருக்கார். உள்ளே இருக்கேன், உள்ளே இருக்கேன்னு. வெளியே யாருமே பேசலையேடி! நான் வாயை மூடிட்டேனே!"

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையைக் கேட்டுத்தான் கழுவுகிற பெண் ஓடிவந்தாள் என்று நினைக்கிறேன். யாரோ நெம்புகோலோடு வந்து கதவைப் பிளந்து எங்களை இழுத்து வெளியே விட்டார்கள். பயிற்சிக்காரி மேலே காத்திருந்தாள். அக்கா மேலே போகவில்லை. வீங்கின முட்டியோடு ஈரப் படியில் தடதடவென்று இறங்கினாள். செருப்பு ஒன்று நழுவி விழுந்தது, அதை நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா கட்டிலோரம் மண்டியிட்டு, அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள். குரல் கரகரவென்று வந்தது, வெகுநாள் பூட்டியிருந்த தொண்டை அல்லவா.

"என்னங்க. பயப்படாதீங்க, நான் வெளியே இருக்கேன். நான் பேசறது கேக்குதா? கேட்டா ரெண்டு தட்டு தட்டுங்க."

அவர் முதுகு அசைந்தது. இடது கை போர்வைக்குள்ளிருந்து மெதுவாக வந்து கட்டில் சட்டத்தைத் தேடியது. டக். கொஞ்சம் பொறுத்து, டக்.

என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலருகே போய்விட்டார். நான் எங்கே போக? அங்கேயே நின்று அழுதேன். அக்கா அழுகையும் பேச்சுமாக ஆரம்பித்துவிட்டாள். அடக்கி வைத்திருந்த செய்தி கொஞ்சமா நஞ்சமா? பள்ளிக்கூடத்துச் சீருடையில் பையை மாற்றித் தைத்துவிட்டது, மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது, தியானத்தாரை நான் வெளியே அனுப்பியது, இவள் லிஃப்டில் ஏறியது. லிஃப்டில் ஏறியதைச் சொன்னபோது அத்தான் திரும்பிப் படுத்தார். அவள் முகத்தையே பார்த்தார். அன்று சாயங்காலம் அரைக் கிண்ணம் கஞ்சி உள்ளே போனது. அவள் ஊட்டிக்கொண்டே பேசினாள், அவர் கேட்டுக்கொண்டே விழுங்கினார். குழாயை டாக்டர் ஒத்திவைத்தார்.

பயிற்சிக்காரியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "லிஃப்ட்ல வேலை பார்த்தார்னு எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள், குற்றம் சொல்கிற மாதிரி அல்ல. நான் அசடு வழிந்தேன். பிறகு, "கோபம் இல்லைன்னும் சொல்லிட முடியாது, இல்லையா? உள்ளே மாட்டினவருக்குக் கோபமும் இருந்திருக்கும்" என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது. ஏன், தியானத்தார் சொன்னதும் முழுப் பொய் இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மனுஷன் ஒரு பொட்டுக்குள் என்னவெல்லாம் வைத்திருந்தான் என்று வெளியே நிற்கிற நாம் யார் அடித்துச் சொல்ல?

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். படத்தின் பொருள் தெரிந்துவிட்டது, வாய் திறந்துவிட்டது, பேசிவிட்டார் என்று நானும் எழுதலாம். அத்தான் பேசவில்லை. ஒரு எழுத்துக்கூட. படமும் மாறவில்லை. கறுப்பு, மஞ்சள் கோடு, சிவப்புப் பொட்டு. "கோடு கொஞ்சம் அகலமாயிருக்கு பாரு" என்று அக்கா ஒவ்வொரு தாளையும் காட்டுவாள். எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது, "ஆமாம்" என்றேன். "இதுக்கு மேல முன்னேற்றம் எதிர்பார்க்காதீங்க" என்று டாக்டர் சொன்ன அன்று அவள் என்னிடம், "கதவைத் திறக்கறது அவரோட வேலையும் இல்ல, என்னோட வேலையும் இல்ல. மெக்கானிக் வரணும்" என்றாள். மெக்கானிக் வரமாட்டான் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் பேசினாள், மெஷினைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு.

மறுபடியும் ரத்தக்கட்டு வந்தது ஒரு மத்தியான வேளையில். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்திருந்தார்கள். கண் திறக்கவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லை, பக்கத்தில் இருங்கள் என்றார்கள். அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினாள். நடுநடுவே, "கேக்குதா? ரெண்டு தட்டு தட்டுங்க" என்பாள். முதலில் விரல் லேசாகப் படுக்கையில் தட்டியது. பிறகு ஒரு தட்டுதான் வந்தது. அதன்பின் வரவில்லை.

திரைக்கு வெளியே நர்ஸ் என் தோளைத் தொட்டாள். "எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா. அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். நான் திரையை விலக்கிப் பார்த்தேன்.

அக்கா அவருடைய இடது கையை எடுத்து இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டித் தட்டிக் கை வலிக்குதா? சரி, தட்ட வேண்டாம். நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. எங்க விட்டேன்? ஆங், அந்த ரெட்டைக் குழந்தைங்களுக்குப் பேரு வைக்கறதுல சண்டைன்னு சொன்னேன்ல..."